மோதல் போதவில்லையாம்!

வண்டி மோதியது மெய்தானாம். முகப்புத் தூணும் கூரையும் நசுங்கியது மெய்தானாம். ஓட்டியவருக்குத் தலையிலும் மார்பிலும் பல்லிலும் அடிபட்டதும் மெய்தானாம். ஆனால் முன்புறத்தில் விழுந்த அடி மட்டும் போதவில்லையாம்! போதிய அடி விழுந்திருந்தால் காற்றுப்பை விரிந்திருக்குமாம்! அடி போதாததால் பை விரியவில்லையாம். ஆகவே குற்றம் கம்பெனியுடையது அல்லவாம்!

கட்டுக்கதையல்ல, தோழர்களே! நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டு செல்லப்பட்ட வாதத்தின் சாரம் இது. கொண்டு சென்றது ஹூண்டாய் மோட்டார் இந்தியா கம்பெனி. நமது ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் அதே கம்பெனி. தில்லியில் ஒருவர் 2015 ஆகஸ்டில் அதனிடம் கிரெட்டா என்ற வண்டியை வாங்கினார். 2017 நவம்பர் 16ஆம் நாள் தில்லி–பானிப்பட் நெடுஞ்சாலையில் விபத்து. முன்னிருக்கைக் காற்றுப்பைகள் இரண்டும் விரியவே இல்லை. 'ஏர்பேக்' என்று விளம்பரத்தில் பளபளக்கிறதே, அந்தப் பை! உயிர் காக்கும் என்று சொல்லி விலையில் சேர்த்து வாங்கிக்கொண்ட பை, உயிர் ஊசலாடிய நேரத்தில் உறங்கிவிட்டது.

அவர் விடவில்லை. தில்லி மாநில நுகர்வோர் ஆணையத்தில் பிராது கொடுத்தார். மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் 2 இலட்சம், மன வேதனைக்கு 50 ஆயிரம், வழக்குச் செலவுக்கு 50 ஆயிரம், இவற்றோடு வண்டியையும் மாற்றித் தரவேண்டும் என்று ஆணையம் தீர்ப்பளித்தது. கம்பெனி தேசிய ஆணையத்துக்கு ஓடியது. 2021 ஜனவரியில் அங்கும் தோற்றது. பின்னர் உச்ச நீதிமன்றம். 2022 ஏப்ரல் 20ஆம் நாள் நீதிபதிகள் வினீத் சரணும் அனிருத்தா போசும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தனர்.

மூன்று இலட்சம் ரூபாயும் ஒரு வண்டியும் கம்பெனிக்கு ஒரு பொருட்டா? அந்தப் பணத்துக்காகவா மூன்று படி ஏறினார்கள்? நான் நம்பமாட்டேன். ஒருவனுக்குக் கொடுத்தால் நாளை ஒன்பது பேர் கேட்பார்களே என்ற அச்சம்தான் அவர்களை ஏற வைத்தது என்பது என் கருத்து.

அந்தத் தீர்ப்பில் உழைக்கும் மக்கள் ஊன்றிப் படிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. மோதலின் வேகம் எவ்வளவு, விசை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் பௌதிக நிபுணனாக வண்டி வாங்குபவன் இருக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். மோதினால் பை காக்கும் என்று சொல்லித்தான் விற்றாய், மோதியது, காக்கவில்லை, நடந்த நிகழ்ச்சியே சாட்சி சொல்கிறது, இனி நிபுணர் சான்று எங்கே என்று அடிபட்டவனைக் கேட்காதே என்பதே அதன் பொருள்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை எண்ணிப் பாருங்கள். மோதிய கணத்தில் வண்டியின் வேகம் என்ன, உணர்கருவி என்ன சொன்னது என்ற கணக்கெல்லாம் வண்டிக்குள் இருக்கும் ஒரு சிறு மின்பெட்டியில் பதிவாகிறது. அதைப் படிக்கும் கருவி யாரிடம் இருக்கிறது? உடன்குடி பஜாரில் உள்ள மெக்கானிக்கிடமா? திருச்செந்தூர் ஒர்க்ஷாப்பிலா? சாவியைத் தன் மடியில் முடிந்துகொண்டு, "பெட்டியைத் திறந்து காட்டு பார்க்கலாம்" என்று நம்மிடம் சவால் விடுவதைப் போன்றது இது. அந்தச் சவால் அந்த வழக்கில் செல்லவில்லை.

தில்லியிலே கிரெட்டா வாங்கியவருக்கு நீதி கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் உடன்குடிச் சந்தியிலே பழைய வண்டியை வாங்கி நிறுத்திக்கொண்டு, வாகைகுளம் விமான நிலையத்துக்கும் திருச்செந்தூர்க் கோயிலுக்கும் சவாரி பார்க்கிறானே ஒரு தோழன், அவனுக்கு? தசரா நாட்களில் குலசேகரன்பட்டினத்துக்கு ஒரே வண்டியில் ஆறேழு நடை ஓட்டுகிறானே, அவனுக்கு? அதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

விரியாத பை ஒரு கேடு என்றால், வெறிகொண்டு வெடிக்கும் பை அதைவிடப் பெருங்கேடு. ஜப்பானிய டகாட்டா கம்பெனியின் கதை அது. காற்றுப்பை ஊதுவதற்கு ஒரு சிறிய உலோகக் குப்பிக்குள் வேதிப்பொருள் வில்லைகளை அடைத்திருப்பார்கள். மோதியவுடன் அது எரிந்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வாயுவாகிப் பையை நிரப்பும். டகாட்டா அதற்கு அம்மோனியம் நைட்ரேட் என்ற மலிவான சரக்கைப் பயன்படுத்தியது. மாத்திரை டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு சிறு பொட்டலம் போடுவார்களே, அதுபோன்ற காப்புகூட இல்லாமலே பல கோடிக் குப்பிகளைச் செய்து தள்ளியது.

ஈரம் என்ன செய்யும் என்று உடன்குடிக்காரனுக்குப் பேராசிரியர் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. கருப்பட்டி காய்ச்சும் வீட்டில் கேளுங்கள்! ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று அடித்தால் கருப்பட்டி வியர்க்கும், கசியும், கட்டு விட்டு இளகும். அதற்குத்தானே அடுப்புப் புகை படும் பரணில் ஏற்றி வைத்தார்கள் நம் பாட்டிமார்! அவர்களுக்குத் தெரிந்த பக்குவத்தை உலகப் பெரும் கம்பெனி ஒன்று காற்றில் பறக்கவிட்டது. குப்பிக்குள் ஈரம் புகுந்தது. பகல் வெப்பத்தில் காய்ந்து, இரவுக் குளிரில் நனைந்து, ஆண்டுக்கணக்கில் அந்த வில்லைகள் வெடிப்புவிட்டு நொய்ந்தன. நொய்ந்த வில்லை சீராக எரியாது, சீறி எரியும். அழுத்தம் தாங்காமல் குப்பி பிளந்து, உலோகத் துண்டுகள் ஓட்டுபவரின் கழுத்தையும் முகத்தையும் கிழித்தன. அமெரிக்காவில் 2014இல் இப்படி இறந்த ஒரு பெண்மணியின் காயங்களைக் கண்ட போலீசார், கத்திக்குத்து என்று எண்ணிக் கொலை விசாரணையையே தொடங்கிவிட்டார்கள்!

அமெரிக்காவில் மட்டும் இதனால் மாண்டோர் இருபத்தைந்துக்கு மேல். காயம் பட்டோர் நானூறுக்கு மேல். மலேசியாவில் 2014இல் ஒரு கர்ப்பிணிப் பெண் மாண்டாள். பிறகும் அங்கே மரணங்கள் நிகழ்ந்தன. உலகெங்கும் திரும்ப அழைக்கப்பட்ட குப்பிகள் ஏறத்தாழ பத்துக் கோடி. 2017 ஜனவரியில் டகாட்டா கம்பெனி அமெரிக்க அரசின் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு நூறு கோடி டாலர் செலுத்த இசைந்தது. அதில் அடிபட்ட மனிதர்களுக்கென ஒதுக்கியது 12.5 கோடி டாலர். வண்டிக் கம்பெனிகளுக்கு 85 கோடி டாலர்! தோலும் சதையும் கிழிந்தவனுக்கு ஒரு பங்கு, இரும்பு விற்றவனுக்கு ஏறக்குறைய ஏழு பங்கு. அதே ஆண்டு ஜூனில் டகாட்டா திவாலானது.

இதில் தொழிலாளியின் குற்றம் எங்கே? எங்குமில்லை. சோதனையில் கிடைத்த முடிவுகளை மறைத்தும் திருத்தியும் வண்டிக் கம்பெனிகளிடம் காட்டியதாக அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது மூன்று உயர் அதிகாரிகள் மீது. பட்டறையில் நின்று குப்பியைப் பூட்டியவன் மீதல்ல. 2025 ஆகஸ்டில் நம் தூத்துக்குடியிலேயே வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை தொடங்கப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்கட்டும், மகிழ்வோம். வண்டி வாங்கும் ஊராக இருந்த நாம் வண்டி செய்யும் ஊராகவும் ஆகிவிட்டோம். அதனால் இந்தக் கணக்கு நமக்கு இரட்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும்.

டகாட்டா குப்பிகளில் முதலில் மாற்றவேண்டியவை எவை என்று வரிசை வகுத்தபோது அமெரிக்க அரசு ஃபுளோரிடா, டெக்சாஸ், ஹவாய் போன்ற மாநிலங்களை முதல் வரிசையில் வைத்தது. ஏன்? அங்கே வெப்பமும் ஈரமும் அதிகம். அப்படியானால் தேரி மணல் கொதிக்கும், கடற்காற்றில் உப்பு பூக்கும் உடன்குடியை, மணப்பாட்டை, காயல்பட்டினத்தை எந்த வரிசையில் வைப்பது? நம் நாட்டில் ஹோண்டா கம்பெனி 2016 ஜூலையில் 1,90,578 வண்டிகளையும், 2017 ஜனவரியில் 41,580 வண்டிகளையும் இந்தக் குப்பிகளுக்காகத் திரும்ப அழைத்தது. அழைத்தது நன்று. ஆனால் நம் ஊருக்கு வருகிற வண்டி, சென்னையிலோ கோவையிலோ ஒரு துரைமகன் ஓட்டி, மற்றொருவர் கைக்கு மாறி, மூன்றாவதாக நம்மிடம் வந்து சேர்ந்த வண்டி. முதல் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன கடிதம் மூன்றாம் சொந்தக்காரன் கைக்கு வருமா?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்குக் கட்டளையிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. 10 இலட்சம் முதல் 1 கோடி வரை அபராதமும் விதித்தார்கள். கைதட்டலாம் என்று கையைத் தூக்கும்போதே ஒரு வரி கண்ணில் படுகிறது: ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிக்குத்தான் இந்த விதி!

ஏழு ஆண்டு! வயது ஏற ஏறக் கெடும் பொருளுக்கு, வயது ஏறியபின் காவல் கிடையாதாம். பனையேறிக்கு அடிமரத்தில் இடைக்கயிறு கொடுத்துவிட்டு, உச்சிக்குப் போனதும் அறுத்துவிடும் ஏற்பாடு இது. 2025 ஜூனில் பிரான்சு நாட்டின் ரான்ஸ் நகரில் ஒரு பெண்மணி டகாட்டா பை வெடித்து மாண்டார். அது 2014இல் செய்யப்பட்ட சிட்ரோயன் சி3 வண்டி. பதினோரு வயது! நம் விதிப்படி அந்த வண்டி கணக்கிலேயே வராது. பிரான்சிலோ, அந்த இன வண்டிகளை ஓட்டாதே, நிறுத்து என்று உடனே உத்தரவு பிறந்தது.

எல்லாக் கம்பெனிப் பையும் டகாட்டா பை அல்ல. பீதி கிளப்புவது நம் நோக்கமல்ல. ஆனால் ஓட்டுநர் பக்கத்துக் காற்றுப்பையைப் புது வண்டிகளில் கட்டாயமாக்கியது 2019 ஜூலையில். பக்கத்து இருக்கைக்கும் கட்டாயமாக்கியது 2021இல். அந்த 2019 வண்டிகள் எல்லாம் 2026 தொட்டு ஏழு வயதைத் தாண்டுபவை. புத்தம் புதிதாய் இருந்தபோது பணக்காரனிடம் ஓடிய வண்டி, பழசாகி ஏழையிடம் வரும் வயது அது! சட்டத்தின் பாதுகாப்பு பணக்காரனோடு நின்றுவிடுகிறது. பை மட்டும் நம்மோடு வருகிறது. ஏழாண்டு வரியை நீக்கு, மோதலில் உயிர்காக்கும் கருவிக்கு வண்டி ஓடும் காலம் முழுவதும் கம்பெனி பொறுப்பேற்கட்டும் என்று நாடாளுமன்றத்தில் குரல் எழுப்ப வேண்டும்.

வழக்குப் பக்கம் வருவோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் குறையால் உடலுக்குத் தீங்கு வந்தால் செய்தவனே இழப்பீடு தரவேண்டும் என்று அதில் தனி அத்தியாயமே இருக்கிறது. முன்பு எதிராளி எங்கே இருக்கிறானோ, அல்லது வழக்குக்குக் காரணமான நிகழ்ச்சி எங்கே நடந்ததோ, அங்கே போய் வழக்காட வேண்டியிருந்தது. இப்போது அடிபட்டவன் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே பிராது கொடுக்கலாம். ஆனால் இங்கும் ஒரு முள்வேலி. வணிகத்துக்காக வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் இல்லை. தானே உழைத்துப் பிழைக்க வாங்கியவனுக்கு விலக்கு உண்டு. ஆகையால் சொந்த வண்டி ஓட்டும் தோழனுக்கு வழி திறந்திருக்கிறது. பத்து வண்டி வைத்திருக்கும் டிராவல்ஸ் முதலாளியிடம் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கு? முதலாளியிடம் நஷ்டஈடு கேட்கத் தொழிலாளர் சட்டத்தில் 1923 முதல் வழி உண்டு. குப்பி செய்த கம்பெனியிடம் கேட்கப் போனாலோ, வண்டி வணிகத்துக்கு வாங்கியது என்ற தடையை எதிரே நிறுத்துவார்கள். ஸ்டியரிங்குக்கு முன்னால் மார்பைக் காட்டி உட்காருபவன் அவன்! அவன் பெயர் சட்டத்தில் தெளிவாக எழுதப்படவேண்டும்.

நம்மவர்களுக்கும் ஒரு சொல் உண்டு, கசந்தாலும் கேளுங்கள். வண்டியின் முகப்பில் பெரிய இரும்புக் கம்பி பூட்டிக்கொண்டு திரிகிறோம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அது கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கட்சிக்கொடி பறக்கும் வண்டிகளில் அதைத்தான் அதிகம் காண்கிறேன்! மோதலின் அடி உணர்கருவிக்குச் சேர வேண்டிய முறையில் சேராதபடி அந்தக் கம்பி கெடுத்துவிடும். அதைவிடக் கேடு, வண்டியை மாற்றியமைத்தாய், ஆகவே நான் பொறுப்பல்ல என்று கம்பெனி தப்புவதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அவர்கள் கைக்கு நாமே ஆயுதம் கொடுப்பானேன்? இன்றே கழற்றுங்கள். இருக்கைப் பட்டையையும் மாட்டுங்கள். பட்டை மாட்டியவனைக் காக்கும் கணக்கில்தான் பையே அமைக்கப்பட்டிருக்கிறது.

பழைய வண்டி வாங்கியவர்கள் சேசிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு கம்பெனி ஷோரூமில் கேளுங்கள்: இந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு உண்டா, மாற்றியாயிற்றா என்று. விபத்து நேர்ந்துவிட்டால், வண்டியைப் பிரிக்க விடுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அந்த மின்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போக விடாதீர்கள். காயச் சான்றிதழையும் போலீஸ் அறிக்கையையும் வாங்கி வையுங்கள். பிராது கொடுக்க இரண்டாண்டுக் கெடு. இடம், தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து இலட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய வண்டியென்றால் கட்டணமே கிடையாது; பத்து இலட்சம் வரை 200 ரூபாய்.