நிறுவைக்குப் போகும் பழைய கண்ணாடி

நாவுல பக்கம் வீடு வீடாகப் போத்தலும் பழைய இரும்பும் எடுக்கும் வியாபாரத்தில் எம்மவரும் இருக்கின்றனர். வாங்கிய கண்ணாடியைச் சாக்கில் கட்டி, நிறுத்து விற்பதோடு அவர்களது கணக்கு முடிந்து விடுகிறது. உடைந்த கண்ணாடி ஹொரணையிலுள்ள தொழிற்சாலையின் உலைக்குப் போய்ப் புதுப் போத்தலாகி வருவது நல்லதே. ஆனால் நிறுவைக்குப் போகக் கூடாத கண்ணாடியும் அந்தச் சாக்கில் இருக்கிறது.

கோலி வைத்த சோடாப் போத்தலை எடுத்துக் கொள்வோம். ஹைரம் கொட் என்ற ஆங்கிலேயர் 1872 இல் காப்புரிமை பெற்றது இது. சோடாவின் வாயுவே கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள இறப்பர் வளையத்தோடு இறுக்கி அடைத்து விடும். கோலிக்காகச் சிறுவர்கள் உடைத்தவை எத்தனையோ! அதனால்தான் முழுப் போத்தலுக்கு உலகெங்கும் ஆள் இருக்கிறது. கம்பனியின் பெயரும் ஊரும் கண்ணாடியிலேயே புடைத்திருந்தால் மதிப்பு இன்னும் கூடும். வெள்ளைக்காரர் ஹயசின்த் பூக்கிழங்கைத் தண்ணீரில் வளர்த்த ஜாடியும் இப்படித்தான். கோப்பை போன்ற வாயில் கிழங்கு இருக்கும், ஒடுங்கிய கழுத்துக்குக் கீழே வேர் இறங்கும். எமது வெயிலுக்கு அந்தப் பூ சரிவராது. ஆகவே வந்தாலும் வெறும் பூச்சாடியென்றே போய்விடும்.

அடையாளம் காண்பது பெரிய வித்தையல்ல. போத்தலின் அச்சுக்கோடு வாய் விளிம்பு வரை ஓடினால் பெரும்பாலும் இயந்திரத்தில் செய்தது, அதாவது ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் வந்த 1903 க்குப் பிந்தியது. கழுத்தோடு கோடு நின்றால் பழையதாக இருக்கலாம். மஞ்சள் கலந்த பச்சைக் கண்ணாடியைக் கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கின் கீழ் பிடியுங்கள். பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியம் கலந்தது. அதற்கும் சேகரிப்போர் உண்டு.

இவ்வளவும் தெரிந்து கொண்டு வீட்டுக்காரரிடம் மட்டும் கிலோ விலை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. சந்தை விலை அறியுமுன் வணிகக் கூட்டத்தை வழிமறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இதைச் சொன்னபோது, "வெலயச் சொன்னா அவங்க நமக்குத் தருவாங்களா தம்பி?" என்று ஒரு நானா கேட்டார். நியாயமான கேள்விதான். விலைக்கு வாங்காமல், விற்றுக் கொடுத்துத் தரகு பேசிக் கொள்ளலாம் என்பது எனது பதில். இலாபம் குறையும், ஆனால் அடுத்த அலுமாரியையும் அந்த வீட்டார் இவருக்கே திறப்பர்.

கண்டியிலிருந்து ஏ9 வீதியால் தம்புள்ளை, சீகிரியா போகும் உல்லாசப் பயணிகள் நாவுலவைத் தாண்டியே செல்கின்றனர். அவர்களுக்கு விற்க நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டப்படி, கலாசார ஆதனமாகக் கொள்ளப்படும் பொருளை அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல முடியாது. சந்தேகமானால் தொல்பொருள் திணைக்களத்திடம் முதலில் கேளுங்கள்.

சாக்கைக் கட்டுமுன் கோலிப் போத்தலையும் லாம்புச் சிமினியையும் ஒருபுறம் எடுத்து வையுங்கள். கொதிநீரில் மட்டும் கழுவ வேண்டாம், வெடித்து விடும்.