தங்கவயலில் எஞ்சி நிற்பவை

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய நவீன முறைச் சுரங்க வேலை, ஏறக்குறைய 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தை அளித்தது. தங்கம் போய்விட்டது, அரைத்துச் சயனைடுக் கரைசலில் இட்டுப் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட பாறைத்தூள் மட்டும் மலைமலையாக அங்கேயே கிடக்கின்றது. காற்றுக் காலத்தில் அத்தூசி குடியிருப்புகளின் மீது படிகின்றது.

ஏறத்தாழ 1,000 ஏக்கர் நிலத்திலுள்ள 13 மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்க மத்திய அரசாங்கம் வகுத்த திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவளித்தது. மேடுகளை அகற்றுவதை எவரும் குறை கூறார். ஆனால் இயந்திரங்கள் வருமுன், எவை அசைக்கப்படலாகாது என்பது எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும்.

அவ்வாறு காக்கத்தக்கவை சில உள. 270 கோடி ஆண்டுகள் வயதுடைய இப்பாறைத் தொடரில், பெத்தபள்ளியிலுள்ள எரிமலைச் சிதறற் பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களை 1965இல் கண்டறிந்தனர். அச்சுரங்கக் கிணறுகளின் மேல் நின்ற இரும்புக் கோபுரங்களோ பழைய இரும்பின் விலைக்கே மதிக்கப்படும் நிலையில் உள்ளன.

இடர்ப்பாடு யாதெனில், பாறையை அறிவித்தது ஒரு துறை, சுரங்க நிலம் மத்திய அரசாங்க நிறுவனத்தினது, நகரமோ மாநிலத்தினது. ஒரு துறையின் பலகையும் வேலியும் மறு துறையின் குத்தகையைத் தடுக்கமாட்டா. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கப் பகுதி 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கு உள்ளூராட்சி மன்றங்களும் நேஷனல் டிரஸ்ட் போன்ற அறநிறுவனமும் ஒருங்கே பொறுப்பேற்றுள்ளன. தங்கவயலுக்கு வந்து தமிழ்த் தொழிலாளருடன் பணியாற்றிய அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் பலர் அக்கார்ன்வாலினரே என்பது இங்கு நினைக்கத்தக்கது. அவர்கள் ஊரில் இயன்ற உடன்படிக்கை இங்கு இயலாதது அன்று. குத்தகைப் பத்திரத்திலேயே காப்பிடங்களின் எல்லை குறிக்கப்படலாம். அதனை நில உரிமையாளர், மாநிலம், ஆய்வுத்துறை ஆகிய மூவரும் கையொப்பமிட்டு ஏற்கலாம்.

களப்பணியாளர் எல்லைகளை அளந்து வரைபடமாக்கலாம். ராபர்ட்சன்பேட்டை ஆசிரியர்கள் ஓய்வுபெற்ற தொழிலாளரிடம் கேட்டு, எந்தக் கிணறு எங்கிருந்தது, எது எப்பொழுது மூடப்பட்டது என்பதை மாணவரைக்கொண்டு எழுதுவிக்கலாம். 2001இல் கடைசியாகக் கீழே இறங்கியவருள் இளையோரும் இன்று நடுவயதை எட்டிவிட்டனர்.