ஸ்பிரிங்கை வெட்டிட்டு டயரைத் திட்டாதீங்க

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டிக்கு முறுக்கு வாங்கப் போனாக்கூட, வேகத்தடைக்கு வேகத்தடை அடி தட்டுற கார் ஒண்ணு உங்க பேட்ச்லயும் இருக்கும். தாழ்த்துற ஆசையை நான் குறை சொல்லல. ஆனா ஸ்பிரிங்கில் ரெண்டு சுத்து வெட்டிட்டு, "பின் டயர் கிரிப் பத்தல, இன்னும் அகலமா போடணும்"னு சொல்றீங்களே, அதுதான் தாங்கல.

வெட்டின பிறகு வீல் மேலே போக இடம் ஏது? சின்ன மேட்டிலேயே பம்ப் ஸ்டாப்பில் முட்டும். அந்த நொடியில் அது சஸ்பென்ஷன் இல்லை, வெறும் கட்டை. டயர் ரோட்டை விட்டுக் குதிக்கும். காற்றில் நிற்கிற டயர் எவ்வளவு அகலமா இருந்து என்ன? பின்வீல் இழுவை வண்டின்னா ஆக்சிலேட்டரை மிதிச்சதும் சும்மா சுத்தும். ஸ்விஃப்ட் மாதிரி முன்வீல் இழுவைன்னா வளைவில் பிரேக் அடிக்கும்போது பின்பக்கம் வெளியே வீசும். இது இன்னும் மோசம்.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வர்ற மாணவர் கார்களைப் பாருங்க. தரையை ஒட்டிய உயரம்தான். ஆனா வீல் மேலும் கீழுமா மொத்தம் 50 மி.மீ.யாவது அசையணும்னு விதி. வழுவழு டிராக்குக்கே இவ்வளவு!

தாழ்த்தியே ஆகணும்னா அந்த உயரத்துக்குன்னே செஞ்ச ஸ்பிரிங், அதுக்கேத்த ஷாக் அப்சார்பர், அப்புறம் வீல் அலைன்மென்ட். காசு பத்தலையா? கம்பெனி உயரத்திலேயே விட்டுட்டு நல்ல டயர் வாங்குங்க. காற்றழுத்தத்தை வண்டி எடுக்கும் முன்னாடியே பாருங்க. ஓடிச் சூடான பிறகு பார்த்தா கூடுதலாத்தான் காட்டும்.