அருகம்புல்லை கொஞ்சம் தூங்க விடுங்கய்யா!

இது கோல்ஃப் பத்தின பதிவு. "பணக்காரங்க ஆட்டம், நமக்கெதுக்கு"ன்னு அடுத்த பக்கம் தாவறவங்க ரெண்டு நிமிஷம் நில்லுங்க. பந்தைப் பத்தி இல்லை, புல்லைப் பத்திதான் பேசப்போறேன். அதுவும் நமக்கு நல்லாத் தெரிஞ்ச புல்.

நான் இருக்கற வட கரோலினாவுலயும், கீழ ஜார்ஜியா பக்கமும் கோல்ஃப் மைதானங்கள்ல விரிச்சிருக்கற 'பெர்முடா புல்' வேற ஒண்ணுமில்லை சாமி, நம்ம அருகம்புல்தான். பிள்ளையாருக்கு சாத்தறோமே, அதே இனம். ஃபேர்வேயில ரொம்ப நாளா கொடிகட்டிப் பறக்கற 'டிஃப்வே' ரகம், அருகம்புல்லையும் அதோட ஆப்பிரிக்க ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தனையும் ஒட்டுச்சேர்த்துப் பொறந்தது. ஜார்ஜியாவுல டிஃப்டன்ங்கற ஊர்ல உருவாக்கி 1960ல வெளியிட்டாங்க. முதல்முறை இது தெரிஞ்சப்போ, கிளப்பால மண்ணைப் பேர்த்து எடுக்கவே ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு :-)

அருகம்புல்லோட குணம் நமக்குத் தெரியாததா? வெயில்னா அதுக்கு கொண்டாட்டம். மிதிச்சாலும் வெட்டினாலும் திரும்ப வரும். குளிர் மட்டும்தான் ஆகாது. மண்ணோட சூடு சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போயிட்டா தூங்கப் போயிடும். இலை காஞ்சு வைக்கோல் நிறத்துக்கு வந்துடும். ஆனா சாகலை. கீழ தண்டும் வேரும் உயிரோடதான் இருக்கு. ஏப்ரல்ல சூடு ஏறினதும் தானா எழுந்து உக்காரும்.

நம்மாளுங்களுக்கு இந்தத் தூக்கம்தான் பொறுக்கலை. "டிசம்பர்லயும் பச்சையா இருக்கணும்"னு ஒரே அடம். அதனால செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்குல நல்லா இருக்கற பெர்முடாவை ஒட்ட வழிச்சு, அதுமேல ரை புல் விதையைத் தூவறாங்க. ஓவர்சீடிங்னு பேரு. ஏக்கருக்கு 300, 400 பவுண்டு விதை. 18 ஹோல் மைதானத்துல ஃபேர்வே மட்டுமே 25, 30 ஏக்கர் வரும். கணக்கு போட்டுப் பாருங்க, மொத்தம் 10,000 பவுண்டு சர்வசாதாரணமாப் போகும். முளைக்கற வரைக்கும் ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை தண்ணி. முளைச்சப்புறம் குளிர்காலம் பூரா உரம், வெட்டு, டீசல். மைதான ஊழியர்களுக்கு மூச்சு விட நேரமே கிடையாது.

செலவைக்கூட விட்டுடலாம். நிஜமான கூத்து வசந்தத்துலதான். அருகு கண்ணு முழிச்சுப் பார்த்தா, அதோட தலைமேல ரை புல் குடும்பத்தோட குடியிருக்கு. வெயில், தண்ணி, உரம் எல்லாத்துக்கும் பங்காளி சண்டை. வானிலை குளிர்ச்சியா இருந்தா மே மாசம் வரைக்கும் ரை புல்லு நகராது. அப்புறம் ஜூன் சூடு வந்ததும் அது பொட்டுனு போயிடும். அடியில இருந்த பெர்முடா நோஞ்சானா நிக்கும். நடுவுல வழுக்கை வழுக்கையா மண்ணு தெரியும். வருஷத்துலயே நல்லா ஆட வேண்டிய காலத்துல ஃபேர்வே சொறி புடிச்ச மாதிரி இருக்கும். அதைப் பார்த்து திட்டறது யாருன்னு நினைக்கறீங்க? அக்டோபர்ல பச்சை வேணும்னு குதிச்ச அதே ஆளுங்கதான்!

எங்கேர்ந்து வந்துச்சு இந்த ஆசை? எனக்குக் கேட்டா டிவின்னுதான் சொல்லுவேன். ஜார்ஜியாவுல இருக்கற அகஸ்டா நேஷனல்ல வருஷா வருஷம் ஏப்ரல்ல மாஸ்டர்ஸ் நடக்கும். 1966ல அதை முதல்முறையா கலர்ல காட்டினாங்க. அன்னிலேர்ந்து கோல்ஃப்னா அந்தப் பச்சைதான்னு மனசுல பதிஞ்சு போச்சு. ஆனா டிவியில நாம பார்க்கறது அருகு இல்லை. அதுமேல தூவின ரை புல். அந்த கிளப் மே கடைசியில கதவைச் சாத்தினா அக்டோபர்லதான் திறக்கும். கோடை முழுக்க ஆட்டமே கிடையாது, அந்த நேரத்துல புல்லை சாவகாசமா தேத்திக்கலாம். கிரீனுக்கு அடியில குழாய் போட்டு ஈரத்தை உறிஞ்ச, காத்தை உள்ள விட மெஷின் வேற. மாமனார் வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்துட்டு நம்ம வீட்டு மொட்டைமாடியில அதே மாதிரி பந்தல் கேட்டா எப்படி?

இதே கோஷ்டிதான் கிரீன்ல ஓட்டை போடற வாரத்துலயும் ஒப்பாரி வைக்கும். விஷயம் தெரியாதவங்களுக்கு: தினமும் நூத்துக்கணக்கான கால் மிதிச்சு மண்ணு இறுகிடும். செத்த வேரும் தண்டும் மெத்தை மாதிரி சேர்ந்துக்கும். அதனால மெஷினை வெச்சு விரல் தடிமனுக்கு மண்ணை உருவி எடுத்துட்டு ஓட்டையில மணல் ரொப்புவாங்க. அப்பதான் வேருக்கு காத்து போகும், தண்ணி இறங்கும். பென்ட் புல் கிரீன்னா வசந்தத்துலயும் இலையுதிர் காலத்துலயும், பெர்முடா கிரீன்னா நல்ல கோடையிலயும், அதாவது புல்லு வேகமா வளர்ற காலமாப் பார்த்து செய்யணும். அப்பதான் ரெண்டு மூணு வாரத்துல ஆறும். "நல்ல சீசன்ல ஏன்யா பண்றீங்க"ன்னு கேக்கறது, காயம் ஆறாத நாளாப் பார்த்து ஆபரேஷன் பண்ணச் சொல்ற மாதிரி.

ஓவர்சீடிங் எல்லா இடத்துலயும் தப்புன்னு நான் சொல்லலை. அரிஸோனா பாலைவன ஊர்கள்ல குளிர்காலம்தான் சீசன். வெளியூர்க்காரன் காசு கொட்டறதே அப்பதான். அவங்க கணக்கு வேற. எங்க பக்கம் ஜனவரியில ஆட வர்றது என்னை மாதிரி நாலு கிறுக்கனுங்க. தூங்கற அருகுமேல ஆடறதுல ஒரு குறையும் இல்லை. தரை கெட்டியா இருக்கறதால பந்து சும்மா ஓடும். ஒண்ணே ஒண்ணு, புல் வளராத காலத்துல பட்ட தேய்மானம் வசந்தம் வரைக்கும் ஆறாது. அதனால வண்டியைப் பாதையை விட்டு இறக்காம நடக்கணும். நடந்தா தொப்பையும் குறையும். ரை புல் இல்லைன்னா களைக்கொல்லியும் தைரியமா அடிக்கலாம், குளிர்கால களை தொல்லையும் தீரும். பச்சை பார்த்தே ஆகணும்னு அடம் புடிக்கறவங்களுக்கு புல்லுக்கு அடிக்கற சாயம் இருக்கு. நாம நரைக்கு அடிச்சுக்கறதில்லையா?

பழுப்பா இருந்தா மட்டம்னு நினைக்கறவங்க பைன்ஹர்ஸ்ட்டைப் பாருங்க. எங்க மாநிலத்துலயே இருக்கற பேர்போன மைதானம். 2010-11ல அதோட 2ஆம் எண் மைதானத்தைத் திருத்தினப்போ 35 ஏக்கருக்கு மேல புல்லைப் பேர்த்துட்டு மணலும் காட்டுப்புல்லுமா விட்டாங்க. ஸ்பிரிங்க்ளர் 1,150லேர்ந்து சுமார் 450 ஆச்சு. 2014ல ஆண்கள், பெண்கள் யூஎஸ் ஓபன் ரெண்டும் அடுத்தடுத்த வாரம் அங்கதான் நடந்துச்சு. ஓரமெல்லாம் பழுப்பு, டிவியில பார்த்தவங்க பல பேர் முகத்தைச் சுளிச்சாங்க. மார்ட்டின் கைமரும் மிஷெல் வீயும் ஜெயிச்சாங்க, மைதானத்துக்கு ஒண்ணும் ஆகலை. 2024ல யூஎஸ் ஓபன் திரும்ப அங்கயே வந்துச்சு. இங்கிலாந்துல 2006 ஓபன் நடந்த ஹொய்லேக் இன்னும் மோசமா காஞ்சு கிடந்தது. டைகர் உட்ஸ் நாலு நாள்ல ஒரே ஒரு தடவைதான் டிரைவரையே எடுத்தார். கோப்பையும் அவருக்குத்தான்.

இவ்வளவு பொலம்பறதுக்குக் காரணம் இருக்கு. நான் வாரக்கடைசியில ஆடற நகராட்சி மைதானத்துல, இந்த வருஷம் ஓவர்சீடிங் வேண்டாம், அந்தக் காசுல 7ஆம், 12ஆம் ஹோல்ல தண்ணி தேங்கறதுக்கு வடிகால் போடலாம்னு சூப்பரிண்டெண்ட் கேட்டிருக்கார். உடனே பச்சை வேணும்னு ஒரு கூட்டம் கையெழுத்து வேட்டை ஆரம்பிச்சுடுச்சு. "ஆளை மாத்து"ங்கற அளவுக்குப் பேச்சு போகுது. விடியக்காலை அஞ்சு மணிக்கு முன்னாடி வந்து நிக்கற மனுஷன், சொன்னது நூத்துக்கு நூறு சரியான யோசனை. அதுக்கு வேலையே போகும்னா என்ன நியாயம்? அடுத்த செவ்வாய்க்கிழமை கமிட்டி கூட்டம். பொதுமக்களுக்கு ஆளுக்கு மூணு நிமிஷம் குடுப்பாங்க. நான் பேரு குடுத்துட்டேன்.