மெலிந்த அருவிக்கு எதிரே

நானுஓயாவுக்கு விருந்தினர் வந்தால் முதற்கேள்வி, “நல்ல காட்சி தெரியும் தேநீர்க்கடை எது?” என்பதுதான். விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்த சாச்சி மகளும் அதையே கேட்டாள். லபுக்கலையின் தேயிலைச் சரிவும் கிரகரி வாவிக்கரையும் இருக்க, நான் தலவாக்கலைக்குக் கூட்டிப்போனேன். சென்கிளயர் நீர்வீழ்ச்சிக்கு நேரே அமர்ந்ததும் அவள் முகம் வாடியது.

“ராத்தா, படத்தில பெரிசா இருந்திச்சே!”

உண்மைதான், மெலிந்துவிட்டது. தலவாக்கலையில் அணைகட்டி மறித்த கொத்மலை ஓயா, சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கம் வழியே மேல் கொத்மலை மின்நிலையத்துக்குப் போகிறது. 2012 முதல் இயங்கும் அதன் திறன் 150 மெகாவோற். அருவிக்கு மிஞ்சுவது அளந்து விடும் நீர். அணைக்காக வீடுகளையும் லயங்களையும் விட்டு வேறிடம் போன குடும்பங்களும் உண்டு. இதை நான் சொல்லும்போது தங்கச்சியின் போன் அக்கடைச் சுவரில் சார்ஜாகிக்கொண்டிருந்தது!

படம் எடுக்க மட்டும் வருவோர் வேறிடம் பார்க்கலாம். ஆனால் வீட்டு விளக்குக்கு இந்த மலை என்ன கொடுத்தது என்பதை அந்த மேசையில்தான் கண்ணால் பார்க்க முடிகிறது. பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோருக்கு நான் அதையே சொல்வேன்.

பிளேன்டி ஆறிப்போனது. “சுரங்கம் எந்தப் பக்கம் ராத்தா?” என்றாள் அவள்.