கூட உட்காராமல் வாசித்தால் அது இசையா?



போன மாதம் எங்கள் வீட்டு விசேஷத்தில் நான் சொன்ன ஒரு சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். சொன்னது பத்துப் பேர் முன்னால். திரும்பப் பெறுவதும் அப்படியே இருக்கட்டும்.

என் இளைய மகன் கிட்டார் வாசிப்பான். ஜெர்மனியில் இருக்கும் ஒரு பையனோடு சேர்ந்து ஆல்பம் செய்துகொண்டிருக்கிறான். இருவரும் இதுவரை நேரில் பார்த்ததில்லை. இவன் பதிவு செய்து அனுப்புவான், அவன் அதன்மேல் ஏதோ சேர்த்துத் திருப்பி அனுப்புவான். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. ஒரே ஸ்வரம் ஊதுவத்திப் புகை மாதிரி நீண்டுகொண்டே போகும். "இது என்னடா, தபாலில் செஸ் ஆடுகிற மாதிரி? பாடுகிறவர் முகத்தைப் பார்க்காமல் மிருதங்கக்காரர் வாசிப்பாரா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான்.

மறுவாரம் வாட்ஸ்அப்பில் ஒரு ஆல்பத்தின் பெயரை மட்டும் அனுப்பினான். 'சாந்த்ர்'. பிரெஞ்சில் சாம்பல் என்று பொருள். 2007-ல் வந்தது. ஆஸ்திரியாவின் கிறிஸ்டியான் ஃபென்னெஸ் கிட்டார், ஜப்பானின் ரியூச்சி சகாமோட்டோ பியானோ. 'தி லாஸ்ட் எம்பரர்' படத்தின் இசைக்கு ஆஸ்கர் வாங்கிய மூவரில் ஒருவர் சகாமோட்டோ; 2023 மார்ச்சில் காலமானார்.

2004 முதல் 2006 வரை ஒருவர் வியன்னாவில், இன்னொருவர் நியூயார்க்கில். ஃபென்னெஸ் கிட்டார் ஒலியைக் கணினியில் கரைத்து அனுப்புவார். அதைக் கேட்டு சகாமோட்டோ பியானோ வாசிப்பார். சில சமயம் பியானோ முதலில் போகும். நடுவில் மேடைகளில் சந்தித்திருக்கிறார்கள், கடைசி மிக்ஸிங்குக்கும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். மற்றபடி எல்லாம் கடிதப் போக்குவரத்துதான்.

இயற்பியல் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். வியன்னாவிலிருந்து நியூயார்க் சுமார் 6,800 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போகும். ஆக, போய்வரக் குறைந்தது 68 மில்லிநொடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். ஒரே மேடையில் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர்களுக்கிடையே ஒலி போய்வர 18 மில்லிநொடிதான். அந்தத் தூரத்தில் தனி ஆவர்த்தனம் வைத்தால் மிருதங்கம் ஒரு பக்கம், கஞ்சிரா ஒரு பக்கம் போகும்.

அந்த அளவில் என் கிண்டல் சரிதான். ஆனால் அவர்கள் ஒரே நேரத்தில் வாசிக்க முயலவே இல்லையே! தாளத்தை எடுத்துவிட்டால் பிந்தி வருவது குற்றமில்லை. ஒலி குளம் மாதிரி தேங்கி நிற்கும்; அடுத்தவர் மறுநாள் வந்துகூட அதில் கால் நனைக்கலாம். நான் குறையென்று நினைத்த தூரத்துக்கு ஏற்றபடிதான் அந்த இசையே அமைந்திருக்கிறது.

இன்னொன்றும் பிடிபட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவர் முடிக்கும் முன்பே நாம் நம் பதிலை மனதில் கோர்க்கத் தொடங்கிவிடுகிறோம். வகுப்பில் எத்தனை பேர் கேள்வியை முடிக்கவிடாமல் நான் பதில் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கே தெரியும். பதிவு வந்து சேர்ந்தால் அந்த அவசரம் நடக்காது, முழுதும் கேட்டுத்தான் ஆகவேண்டும். இந்த ஆல்பத்தில் பியானோ மிகக் கொஞ்சமாகத்தான் பேசுகிறது. இரண்டு மூன்று ஸ்வரம், பிறகு காத்திருப்பு. பின்னால் கிட்டார் மணல் சரிகிற மாதிரி கரகரத்துக்கொண்டே இருக்கிறது.

எல்லாம் பிடித்தது என்று பொய் சொல்லமாட்டேன். 11 உருப்படியில் இரண்டில் தூங்கிவிட்டேன். ஒன்றின்போது என் மனைவி ஃபேன் காயில் போய்விட்டதா என்று எட்டிப் பார்த்தாள். ஆனால் 'ஆல்பத்தின் பெயரையே கொண்ட அந்த உருப்படியை' மூன்று முறை கேட்டேன்.

மகனுக்குப் போன் செய்து, நான் பேசியது தப்பு என்றேன். "சரிப்பா" என்றான், அவ்வளவுதான். அன்றிரவே ஒரு ஃபைல் வந்தது. அவனும் அந்த ஜெர்மனிப் பையனும், 9 நிமிடம். ஒரு தடவை கேட்டிருக்கிறேன். இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் பதில் எழுதப்போகிறேன்.

அன்றைக்குப் பந்தியில் என்னோடு சேர்ந்து சிரித்த மச்சான்மார்களே, மாப்பிள்ளைகளே, உங்களுக்கும் அனுப்பச் சொல்லவா?