அரசு வக்கீலின் அமானிதம்

"சிறைவாசிக்கு எதிராக அரசின் பக்கம் நின்று வாதாடும் வேலை நம் பிள்ளைகளுக்கு வேண்டாம், அது ஏழையின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் தொழில்" என்போர் நம் சமுதாயத்தில் பலர் உளர். "கைதிக்கு ஏது உரிமை? அவன் மனுவை எதிர்ப்பதே அரசு வக்கீலின் கடமை" என்போரும் உளர். இரு சாராரும் எதிரெதிர்த் திசையில் நிற்பவர்போல் தோன்றினும் இருவருடைய பிழையும் ஒன்றே. அரசு வக்கீல் என்பவர் சிறை அதிகாரியின் வக்கீல் என்று இருவருமே நம்புகின்றனர். அந்த நம்பிக்கையை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நீதிமன்றத் தமிழில் அரபுச் சொற்கள் பல குடியேறியுள்ளன. வக்கீல் என்றால் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். ஜாமீன் என்றால் பொறுப்பேற்பவர். முன்சீப் என்றால் நீதி செய்பவர். கைதி என்ற சொல்லோ விலங்கைக் குறிக்கும் 'கைத்' என்பதிலிருந்து வந்தது. அப்படியாயின் அரசு வக்கீலிடம் பொறுப்பை ஒப்படைத்தவர் யார்? சிறைக் கண்காணிப்பாளரா? அல்லர். அரசியல் சட்டத்தின்கீழ் ஆளும் அரசு. அந்த அரசுக்கு அதிகாரம் அளித்த மக்கள். அம்மக்களுள் விலங்கு பூண்டவரும் அடங்குவர். சிறைப்பட்ட காரணத்தாலேயே ஒருவர் தம் அடிப்படை உரிமைகள் அனைத்தையும் இழந்துவிடுவதில்லை என்று 1974ஆம் ஆண்டிலேயே, புவன் மோகன் பட்நாயக் வழக்கில், உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இவ்வேலை நடைபெறும் முறையை நம் குடும்பத்தார் அறிந்துகொள்ள வேண்டும். கைதியோ அவர் உறவினரோ மனுச் செய்கின்றனர். நீதிமன்றம் அரசுக்கு அறிவிப்பு அனுப்புகிறது. சிறை அலுவலகம் மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் தன் குறிப்பை எழுதி அனுப்புகிறது. அதைக் கொண்டு அரசு வக்கீல் எதிர்ப் பிரமாணப் பத்திரம் தயாரிக்கிறார். அவர் மேசையில் அந்தக் குறிப்பு இருக்கும் நேரமே சோதனை நேரம். "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று அவர் கேட்கலாம், கேளாமல் அப்படியே நகலெடுத்தும் கொடுக்கலாம்.

கேளாதபோது விளைவது யாது? பீகாரைச் சேர்ந்த ருதுல் ஷா 1968ஆம் ஆண்டு ஜூன் 3 அன்று குற்றமற்றவர் என்று விடுதலை செய்யப்பட்டார். ஆனால், சிறைக் கதவு அவருக்குத் திறந்தது 1982ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று! பதினான்கு ஆண்டுகள். காரணம் கேட்டபோது, அவர் சித்தம் கலங்கியிருந்தார் என்று அரசின் தரப்பில் பதில் வந்தது. அதற்குத் தக்க மருத்துவ ஆதாரம் இல்லை. 1983ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், முன்னரே கொடுத்த 5,000 ரூபாய்க்கு மேல் 30,000 ரூபாய் இடைக்கால இழப்பீடாக வழங்கும்படி ஆணையிட்டது. அந்தப் பதிலை நீதிமன்றத்துக்கு அனுப்பும் முன் மருத்துவரின் சான்றைக் காட்டுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தால் போதுமே!

ஆந்திர மாநிலம் கோயில்குன்ட்லா கிளைச் சிறையில் 1977ஆம் ஆண்டு அடைபட்டிருந்த ஒருவர், வெளியிலிருந்து வந்தவர்கள் வீசிய வெடிகுண்டினால் மாண்டார். அவர் மகன் காயமுற்றார். மகன் இழப்பீடு கேட்டபோது, இறையாண்மை பெற்ற அரசைக் கேள்வி கேட்க இயலாது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. தன் காவலில் வைத்த உயிரைக் காக்கத் தவறியவர், "என்னைக் கேட்காதே" என்று சொல்வது எந்த மொழியில் நியாயமாகும்?

நம் மாநிலமும் விலக்கன்று. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததை எதிர்த்து வழக்கு வந்தது. மோதலைத் தவிர்க்கவே அவ்வாறு செய்ததாக அரசு கூறியது. உயர் நீதிமன்றமும் ஏற்றது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 3 அன்று, சுகன்யா சாந்தா வழக்கில், அந்நிலைப்பாட்டை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

"வக்கீல் தம் கட்சிக்காரர் சொல்வதைத்தானே சொல்ல வேண்டும்?" என்று கேட்பர். தனி ஒருவருக்கு வாதாடும் வக்கீலும் பொய்யென்று தாம் அறிந்ததை நீதிமன்றத்தில் வைத்தல் ஆகாது. அரசின் வக்கீலுக்கோ கடமை இன்னும் கனமானது. தன் குடிமகனைத் தோற்கடிப்பதில் அரசுக்கு வெற்றி ஏதும் இல்லை.

"கைதிகள் பொய் மனுப் போடுவதில்லையா?" என்றும் கேட்பர். போடுவதுண்டு. நேர்மையான காவலர்மீது வீண்பழி சுமத்துவோரும் உண்டு. அங்கே பதிவேடுகளைக் கொண்டு உண்மையை நிலைநாட்டுவதும் அரசு வக்கீலின் கடமையே. எல்லா மனுக்களையும் எதிர்ப்பவரின் சொல்லுக்கு, எதிர்க்க வேண்டிய மனுவில் மதிப்பு இராது.

2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் தீர்ப்பே பெறாத விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கு! 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் பிணையில் விடச் சொல்கிறது. மரணம் அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளோர்க்கும் பொருந்தாது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளரே. அவருக்கு அதை நினைவூட்டுபவர் யார்? கைதிக்கு வக்கீல் இல்லை. வீட்டாருக்குச் சட்டம் தெரியாது. அரசின் வக்கீலும் வாய் திறவாவிடில் சட்டம் ஏட்டிலேயே உறங்கும்.

இந்தச் சிந்தனை நமக்குப் புதியதன்று. அப்பாசியர் ஆட்சியின் தலைமைக் காஜி இமாம் அபூயூசுஃப் (ரஹ்), அரசின் சம்பளம் பெற்ற சட்ட அறிஞரே. கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கு எழுதிய கிதாபுல் கராஜில், கைதிகளைச் சங்கிலியோடு பிச்சைக்கு அனுப்பலாகாது என்றார். உணவுக்கான பணம் அவர்தம் கையிலேயே சேர வேண்டும் என்றார். கோடைக்கும் குளிருக்கும் உடை கேட்டார். வழக்குகளை உடனுக்குடன் ஆராயாததே சிறை நிரம்பக் காரணம் என்றும் ஆட்சியாளருக்கு நேராகவே உரைத்தார். ஆட்சியாளருக்கு உண்மையை எடுத்துரைத்ததே அவர் ஆற்றிய அரசுப் பணி.

ஆகவே பெற்றோர்களே, சட்டம் பயின்ற உங்கள் மகனோ மகளோ இப்பதவியை நாடினால் தடுக்காதீர்கள். ஆனால் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். ஆட்சி மாறினால் இப்பதவியும் மாறும். கையொப்பமிட்ட பத்திரமோ மாறாது. ஆதாரம் காணாமல் கையொப்பமிடாதே. விடுதலைக்கு உரியவரை ஒரு நாளும் கூடுதலாக அடைத்துவைக்க வாதிடாதே. அந்தக் கைதி நம்மவரா பிறரா என்றும் பாராதே. இம்மூன்றையும் காப்பவர் அரசுக்குத் துரோகி அல்லர். அவரே அரசின் உண்மையான வக்கீல்.